ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட அன்பு



தவக்காலத்து மாலைகளில் நமது குடாநாட்டின் கரையோரக் கிராமங்களில் பசான் பாடப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாடலின் வரிகள் மடிப்பு விழுந்த பழைய கொப்பியொன்றில் இருக்கும். மெட்டோ முதியவர் ஒருவரின் தொண்டையில் மட்டுமே இருக்கும். அவர் கண்மூடினால் வரிகள் எஞ்சும். மெட்டு அவரோடு மண்ணுக்குள் போய்விடும். 1995 இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகளையும் விட்டுவந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே, எழுதி வைக்கப்படாத இசைக்கு என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதே அச்சம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்தது. அவரே ஏ. எம். சின்னசாமி முதலியார். கர்நாடக சங்கீதத்தைக் கற்றோர் அவர் பெயரை நன்கறிவர். நமது ஆலயங்களிலோ அவர் பெயர் அரிதாகவே கேட்கிறது.

அவர் எம்.ஏ. பட்டதாரி, சென்னை அரசுச் செயலகத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர், பன்மொழிப் புலமை மிக்கவர். வசதியாக வாழ்ந்து ஓய்வூதியம் பெற்று அமைதியாகக் கண்மூடியிருக்கலாம். ஆனால் தியாகராஜ சுவாமிகள் 1847இல் மறைந்து ஒரு தலைமுறை கடந்துவிட்ட நிலையில், ஒரே கீர்த்தனை சீடருக்குச் சீடர் வேறுபட்டு ஒலிப்பதை அவர் கவனித்தார். எது மூலம், எது திரிபு என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். இப்பாடல்களை உலகெங்கும் வாசிக்கக்கூடிய ஒரு குறியீட்டில் எழுதிவிட வேண்டும் என்று துணிந்த அவர், மேலைத்தேய சுரக்குறிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

அக்குறிப்பு திரு அவையின் மடியில் வளர்ந்தது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியின் அரேசோ நகரில் பாடகர் சிறுவர்களைப் பயிற்றுவித்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி குயிதோ, கோடுகளின் மேலும் இடைவெளிகளிலும் சுரங்களை நிறுத்தி எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். புனித திருமுழுக்கு யோவானுக்குரிய இலத்தீன் பாடலொன்றில் ஒவ்வோர் அடியும் முந்தியதைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவ்வடிகளின் முதல் அசைகளையே அவர் சுரங்களின் பெயர்களாக்கினார். இன்று பிள்ளைகள் பாடும் தோ, ரே, மீ அவ்வழி வந்தவையே. கிரகோரியன் இசை நூல்களில் நான்கு கோடுகளே உண்டு. ஐந்தாவது பின்னர் நிலைபெற்றது.

மேலைத்தேய இசை பயிலும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அதன் புத்தகத்தைச் சற்றுத் திறந்து பாருங்கள். ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் சுருண்டு நிற்கும் குறி கிளெஃப்; எந்தக் கோடு எந்தச் சுரத்துக்குரியது என்பதைத் திறந்துகாட்டும் சாவி அது. செமிபிரீவ் என்பது முழு நீளம். அதில் பாதி மினிம், அதிலும் பாதி குரோச்செட், அதிலும் பாதி குவேவர். ஷார்ப் சுரத்தை அரைப்படி உயர்த்தும். ஃபிளாட் அரைப்படி தாழ்த்தும். குறுக்கே விழும் கோடுகள், நாம் கையால் தாளம் போட்டுப் பிரிப்பதைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுகின்றன.

முதலியாருக்குத் தடையும் இங்குதான் எழுந்தது. மேலைத்தேயக் குறிப்பில் ஒவ்வொரு சுரமும் ஒரு புள்ளி. நமது சுரமோ பல வேளைகளில் ஓர் அசைவு. தோடியின் காந்தாரத்தை ஒரு கோட்டில் புள்ளியாக வைத்துவிட்டால் தோடி அங்கே இராது. கமகம் என நாம் அழைக்கும் அந்த அசைவு எழுத்துக்கு எளிதில் அகப்படுவதன்று. ஐந்து கோடுகளில் நமது இசை அடங்காது என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கைகட்டி இருந்திருந்தால் எஞ்சியிருக்கக்கூடியது எவ்வளவு என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர். அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதர் பாட, முதலியார் கேட்டுக் கேட்டு எழுதினார். 1892, 1893 ஆண்டுகளில் கீழைத்தேய இசையை ஐரோப்பியக் குறிப்பில் தரும் அவருடைய ஆங்கில வெளியீடு பகுதி பகுதியாக வந்தது. அச்சிட்டது புதுப்பேட்டையிலிருந்த ஆவே மரியா அச்சகம். அன்னை மரியாளின் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து இராமபிரானைப் போற்றும் கீர்த்தனைகள் வெளிவந்தன! பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, செபமாலை சொல்லும் ஒரு பொதுநிலையினர் அதைச் சத்தமின்றிச் செய்து முடித்திருந்தார்.

முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரிடம் குடும்பச் செல்வமாக இருந்தன. முதலியார் அவரை நாடினார். தலைமுறையாகக் காத்து வந்ததை அச்சில் ஏற்றிப் பொதுவில் வைக்க அப்பெரியவர் முதலில் தயங்கியது இயல்பே. முதலியார் விடவில்லை. இதற்கிடையில் சொந்தப் பணம் கரைந்தது, உடல்நலம் குன்றியது. நுண்ணிய குறிகளை ஓயாது எழுதிய கண்களின் பார்வையும் மங்கியது. தொடங்கிய வெளியீட்டைத் தம்மால் நிறைவேற்ற இயலாதென்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

1899இல் எட்டயபுரத்தில் அரசரின் முடிசூட்டு விழா நடைபெற்றது. நோயுற்ற நிலையிலும் முதலியார் அங்கே சென்றார். தம் நூலுக்குப் பொருளுதவி கேட்க அன்று. தீட்சிதரிடம் உள்ள அனைத்தையும் தீட்சிதரே அச்சிட அரசர் ஆவன செய்ய வேண்டும் என்று மன்றாடுவதற்காகவே. தன் கனவு தன் பெயரில் நிறைவேறாவிட்டாலும் நிறைவேற வேண்டும் என்று கேட்கும் மனிதர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்?

அரசர் இசைந்தார். தீட்சிதரும் இணங்கினார். 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. ஐந்து கோடுகள் அதில் இல்லை, சரிகமவே இருந்தது. ஆயினும் கமகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிகள் சுரங்களின்மேல் இடப்பட்டிருந்தன. புள்ளியில் அடங்காத அசைவு எழுத்தில் ஏறிவிட்டது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் பதிப்பித்தது. முத்துசுவாமி தீட்சிதரின் பாடலில் ஐயம் எழுந்தால் இன்றும் வித்துவான்கள் திறந்து பார்ப்பது அந்நூலையே.

அதன் முன்னுரையில் சுப்பராம தீட்சிதர் முதலியாரை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அச்சு மை காய்ந்த அப்பக்கங்களை விரலால் தடவிப் பார்ப்பதற்கு முதலியார் அப்போது உயிரோடு இல்லை.