ஊர்வாய்க்கு அஞ்சாத ஒரு வைத்தியர்

நாலு பேர் என்ன சொல்லுவினம் என்று கேட்டுக் கேட்டே நாமெல்லோரும் வளர்ந்தோம். அந்த நாலு பேரை ஒரு பக்கம் விட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்த்த ஒரு பெண் வைத்தியரை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

டொக்டர் மேரி இரட்ணம் 1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே புதுமையாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் படித்துப் பட்டம் பெற்றார். 1896 இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வரவிருந்தவர், இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சுதேசியை மணப்பதை மிஷன் ஏற்கவில்லை. வேலை கைவிட்டுப் போனது. ஆயினும் அவர் இங்கே வந்தார். கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார்.

தமிழ்ப் பெண்களுக்கென 1909 இல் கொழும்பில் சங்கம் அமைக்க முன்னின்றார். 1927 இல் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1930 இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி வாய்திறக்கவே கூசிய அந்நாளில் அதை வெளிப்படையாக ஆதரித்தார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றால் அந்த ஆசனத்தை இழந்தபோதும் அவரது பணி நிற்கவில்லை. 1958 இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் காலமானார்.

எவர் சொல்லையும் கேளாதவர் என்று அவரை எண்ணிவிடக்கூடாது. நோயாளி சொல்வதைக் கேளாமல் வைத்தியம் செய்ய முடியாது. எவர் சொல்லுக்குக் காது கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமது சிகிச்சை அறைக்கு, மார்பிலுள்ள கட்டியை மாதக்கணக்காக மறைத்துவிட்டு வரும் தாய்மார் உள்ளனர். அயலட்டை அறிந்தால் மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் அந்த நாலு பேரில் ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

இன்று நம் சகோதரிகள் பலர் அவர் பிறந்த கனடாவிலேயே வாழ்கின்றனர். எங்கிருந்தாலும், உடம்பில் ஏதும் மாற்றம் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். இன்னொருத்தியைப் பற்றிக் கதை வரும்போது, அந்த நாலு பேரில் ஒருவராக நாம் இராதிருப்போமாக.