ஞானஸ்நானம் பெற்ற பிறகும் எட்டு ஆண்டுகள் தேடிய பண்டித ரமாபாய்

புனாவிலிருந்து தவுண்டு செல்லும் ரெயில் பாதையில் கேட்காவ் என்று ஒரு நிலையம் உண்டு. பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் இருப்பது இந்த ஊரில்தான்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23-ந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் கங்காமூலா என்ற இடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, சித்பவன் பிராமணர். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மனைவிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் பாடம் கேட்டார்.

ஊர் ஊராக நடந்து, கோவில்களில் புராணம் வாசித்துப் பிழைத்தது அந்தக் குடும்பம். சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது தந்தை, தாய், அக்காள் மூவரும் அடுத்தடுத்து மாண்டார்கள். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே வடக்கே போனார்கள். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் ரமாபாயின் புலமையைச் சோதித்து "பண்டிதா", "சரஸ்வதி" பட்டங்கள் கொடுத்தார்கள். அப்போது வயது 20.

1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிகாரி என்ற வங்காள வக்கீலைச் சாதி கடந்து மணந்தார். 1882-ல் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்ற பெண் குழந்தை.

டாக்டருக்குப் படிக்க எண்ணி 1883-ல் இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காததால் அது கைகூடவில்லை. வான்டேஜ் கன்னிமடத்தில் தங்கினார். வழிதவறிய பெண்களைச் சகோதரிகள் அன்போடு பராமரித்ததைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். செப்டம்பர் 29-ந் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. திருச்சபைக் கோட்பாடுகளைக் கேள்வி கேட்காமல் ஏற்க அவர் மறுத்தார். சகோதரிகளுக்கு அது அகந்தையாகப் பட்டது. அகந்தை என்று சொல்ல முடியாது. தந்தை வளர்த்த வளர்ப்பு அப்படி. ஆனால் மனதில் அமைதி இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அமெரிக்கா சென்று, 1889-ல் தாயகம் திரும்பி, பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனம் தொடங்கினார். மறு ஆண்டு அது புனாவுக்கு மாறியது. ஏறத்தாழ 1891-ல் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. தன்னிடமே உண்மையான விசுவாசம் இல்லை என்று கண்டுகொண்ட ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் வரலாறு அது. ரமாபாய் தம்மையே சோதித்துப் பார்த்தார். கிறிஸ்தவ மதம் கிடைத்திருக்கிறது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று உணர்ந்தார். தகுதி தேடிக்கொண்டு வருவதல்ல, இருந்தபடியே வருவதுதான் என்று புரிந்ததும் அமைதி கிடைத்தது.

அதற்கு விலையும் உண்டு. அவர் ஜெபிக்கும் அறைக்கதவு திறந்தே இருக்கும். விதவைப் பெண்கள் தாமாக வந்து உட்கார்ந்தார்கள். மதப் பிரசாரம் இராது என்ற உறுதியை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. 1893-ல் ரானடே, பண்டார்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெண்களைப் பெற்றோர் அழைத்துப் போனார்கள். ரமாபாய் கதவை மூடவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குப் போனார். பசியால் வாடிய பெண்களைப் பார்த்தபோது தம் பெற்றோர் மாண்ட நாட்கள் கண்முன் நின்றன. சுமார் 300 பேரைக் கூட்டி வந்தார். அவர்களுக்காக கேட்காவில் எழுந்ததுதான் முக்தி. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறத்தாழ 2,000 பேர். தறி, வயல், அச்சகம் எல்லாவற்றிலும் பெண்களே வேலை செய்தார்கள்.

கடைசிக் காலத்தில் அம்மையார் எடுத்த வேலை, பைபிளை எளிய மராத்தியில் பெயர்ப்பது. அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். பண்டிதர்களை வென்ற சமஸ்கிருதத்தை ஒதுக்கிவிட்டு, கிராமத்துப் பெண்ணுக்குப் புரியும் சொல்லைத் தேடினார். எழுத்துக் கோத்ததும் அச்சடித்ததும் முக்திப் பெண்களே.

1921 ஜூலையில், வலக்கையாக இருந்த மகள் மனோரமா இறந்தார். தாயார் வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்தது. 1922 ஏப்ரல் 5-ந் தேதி அவரும் கண் மூடினார். முழு பைபிளும் 1924-ல் வெளிவந்தது.