தலைப்பாகையும் நீதிமன்றமும்

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது என்று பகுத்தறிவது இளைஞர்க்கு எளிதன்று. மகாத்மா காந்தியடிகளுக்கும் இவ்வினா இருபத்துநான்கு வயதிலே எழுந்தது. அவ்வரலாற்றை எம் சங்கத்து இளைஞருக்கும் பெரியோருக்கும் இங்கே சுருங்கக் கூற விரும்புகிறோம்.

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி போர்பந்தரிற் பிறந்த அடிகள், இலண்டன் இன்னர் டெம்பிளிற் சட்டம் பயின்று 1891இல் பாரிஸ்டரானார். பம்பாயில் ஏற்ற முதல் வழக்கிலே நாவெழாது அமர்ந்துவிட்டார். 1893இல் தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்கிற்கு உதவத் தென்னாபிரிக்கா சென்றார். டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றும்படி நீதவான் பணித்தபோது, மறுத்து வெளியேறினார்.

அவ்வழக்கு மத்தியஸ்தத்தால் முடிந்தது. ஊர் திரும்பவிருந்த வேளையில், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேத்தால் சட்டசபைக்கு வந்தது. மக்கள் வேண்டவே அடிகள் தங்கினார். பொதுப்பணிக்குக் கூலி பெற அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே, தொழில் செய்து சீவிக்க எண்ணி, நேத்தால் உயர்நீதிமன்றத்தில் அப்புக்காத்தாகச் சேர விண்ணப்பித்தார்.

பம்பாய் உயர்நீதிமன்ற அத்தாட்சி கையில் இருந்தும் அந்நாட்டுச் சட்டவாதிகள் சங்கம் எதிர்த்தது. இங்கிலாந்து மூலப்பத்திரம் இணைக்கப்படவில்லை என்பது ஓர் ஆட்சேபம். வெள்ளையரல்லாதாரைக் கருதி விதிகள் ஆக்கப்படவில்லை என்பதே உட்கருத்து. சட்டமா அதிபர் ஹரி எஸ்கம்பே விண்ணப்பத்தை முன்வைத்தார். சட்டம் நிறபேதம் காட்டவில்லை என்று கூறி நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளியது. 1894 செப்டெம்பரில் அடிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

சத்தியப்பிரமாணம் முடிந்ததும் தலைப்பாகையை அகற்றுமாறு நீதிமன்றம் கேட்டது. இம்முறை அடிகள் அகற்றினார்! அப்துல்லா சேட் முதலிய நண்பர்கள் மனம் வருந்தினர். நீதிமன்றத்திலே தொழில் செய்பவன் அதன் ஒழுங்கிற்கு அமைதல் வேண்டும் என்றும், வலிமையைப் பெரிய போராட்டத்திற்குச் சேமித்தல் வேண்டும் என்றும் அடிகள் கருதினார்.

இது பணிந்துபோதல் அன்றோ என்று எம்முட் சிலர் கேட்பர். அதற்கு விடை சில மாதங்களிற் கிடைத்தது. பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, எசமானின் அடியால் முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் ஒழுக, தலைத்துணியைக் கையிலேந்தி அடிகள்முன் நின்றான். வெள்ளையர்முன் தலைத்துணி கழற்றும் வழக்கம் அவனை அவ்வாறு நிற்கச் செய்தது. அடிகள் அதை மீண்டும் கட்டச் செய்தார், நீதவானிடம் முறையிட்டார், அவனை வேறு எசமானிடம் மாற்றுவித்தார். நீதிமன்றக் கதவு அடிகளுக்குத் திறந்திராவிடின், அந்த ஏழைத் தமிழன் எவரிடம் சென்றிருப்பான்?

1922இல் சிறைத்தண்டனை பெற்றபின் இன்னர் டெம்பிள் அடிகளின் பெயரை நீக்கியது. 1988இல் மீண்டும் சேர்த்தது. இடையில் 1927இல், யாழ்ப்பாணத்து வாலிபர்களின் அழைப்பையேற்று நம் வடபுலத்திற்கும் அவர் வந்தார்.

தன் தலைப்பாகையைக் கழற்றியவர், எளியவன் தலையில் அதைக் கட்டுவித்தார். தன்மானத்திற்கு வரம்பு உண்டு; பிறர் மானம் காப்பதற்கு வரம்பில்லை. நெளுக்குளத்து இளைஞராகிய நாம் இதனை நெஞ்சிற் கொள்வோமாக.