சார்லஸ் பிராட்லா

2021-ஆம் ஆண்டு நம் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் பதவியேற்றபோது, கடவுள் பெயரால் என்பதும் உளமார என்பதும் இரண்டுமே விடுபட்டமையால், மறுமுறை உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. அவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்காக இங்கிலாந்தில் ஒருவர் பட்ட பாடு சிறிதன்று.

சார்லஸ் பிராட்லா 1833-இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தா. அதில் எனக்கோர் உவகை. பிராட்லா நாத்திகர், அதனை ஒருநாளும் மறைத்தாரில்லை. 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியார் அவரைத் தேர்ந்து அனுப்பினர். கடவுள் பெயரின்றி உறுதிகூற இசைவு வேண்டினார்; பாராளுமன்றம் மறுத்தது. அவ்வாறாயின் ஏனையோர்போல் சத்தியமே செய்வேன் என்றார். நாத்திகர் சத்தியம் செல்லாதென அதனையும் மறுத்தனர்! மணிக்கூண்டில் ஓரிரவு காவலில் வைத்தனர். மும்முறை இடைத்தேர்தல் வந்தது. மும்முறையும் அவரே வென்றார். அவருக்கு வாக்களித்தோருள் தேவாலயம் செல்வோர் பலர். தொகுதியார் பொருட்படுத்தாத ஒன்றை அவையினர் பெரிதாக்கினர் என்பதே என் துணிபு.

1886-இல் ஒருவாறு அவையில் அமர்ந்தார். 1888-இல், விரும்புவோர் சத்தியத்திற்கு மாற்றாக உறுதிகூறலாம் என்னும் சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறிற்று. மறு ஆண்டு பம்பாய்க் காங்கிரசுக்கு வந்து சென்றார். 1891 ஜனவரியில் மறைந்தார். அந்நாளில் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியடிகள், நாத்திகத்தில் பற்றில்லாதவராயினும், அவருடைய நல்லடக்கத்திற்குச் சென்றிருந்தார்.