ஆகுஸ்ட் பீயர்

நோயாளியை முற்றும் துயிலச்செய்து அறுத்தல் ஒன்று. உறுப்பை மட்டும் உணர்விழக்கச் செய்து அறுத்தல் மற்றொன்று. இவற்றுள் பின்னையதற்குப் புதுவழி கண்ட ஜெர்மானிய ரணவைத்தியர் ஆகுஸ்ட் பீயரின் சரிதத்தை ஈண்டு நாம் சுருங்கக் கூறுவோம்.

1861-ஆம் ஆண்டிற் பிறந்த பீயர், கீல் நகரத்துச் சர்வகலாசாலை வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். அக்காலத்துப் பெருவழக்காயிருந்தவை ஈதரும் குளோரபாரமும். அவற்றால் வாந்தியும், சிலர்க்கு மரணமும் நேர்ந்தன. கணுக்கால் மூட்டிற் க்ஷயம் பற்றிய தொழிலாளி ஒருவர், முன்பு பலமுறை மயக்கமருந்தால் மிக வருந்தியிருந்தார். 1898 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, பீயர் அவரது முள்ளந்தண்டின் நீரிற் சிறிது கோகெய்னைச் செலுத்தினார். தொழிலாளி விழித்திருக்கவே நோவின்றிச் சிகிச்சை முடிந்தது. பின்னர்த் தலைவலியும் வாந்தியும் கண்டன.

பிறர்க்குச் செய்வதைத் தாமும் அறிய விரும்பிய பீயர், எட்டு நாட்குப்பின் தம் முதுகிலும் ஊசி ஏற்றார். கருவி பொருந்தாமையால் அது பயன்படவில்லை. உதவி வைத்தியர் ஹில்டெபிராண்ட் தாம் முன்வந்து ஏற்க, கால்கள் உணர்விழந்தன. இருவரும் பன்னாள் தலைவலியால் வருந்தினர். இவையனைத்தையும் பீயர் 1899-இல் ஒளியாது வெளியிட்டார்.

அவர் 1949-இல் மறைந்தார். இன்று இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச்சிகிச்சை பெறுவோர் பலர் இவ்விருவழியுள் ஒன்றைத் தெரிந்துகொள்கின்றனர். நலத்தோடு தீங்கையும் மறையாதுரைக்கும் வைத்தியர் இருந்தாலன்றி அத்தெரிவு தெரிவாகாதென்பதே பீயர் வாழ்க்கையால் நாம் அறிவது.