தோளும் தோலா நெஞ்சும்

பந்தின் பின் ஓடும் மாணாக்கனுக்கு ஏட்டில் மனம் செல்லாது என்பது முப்பது ஆண்டுகளாக யான் கொண்டிருந்த முடிபு. அம்முடிபால் ஒருவனை மிகக் கடிந்தேன். அவன் பந்தை விடவில்லை, பள்ளியை விட்டான். அவ்வடு நெஞ்சிலிருக்க, அண்மையில் வின்ஸ்டன் சேர்ச்சிலின் இளமை வரலாற்றைப் பயின்றேன்.

1874 இல் பிறந்த சேர்ச்சில் பள்ளியிற் சிறந்து விளங்கியவரல்லர். சாண்ட்ஹேர்ஸ்ட் படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். 1895 இல் நான்காம் ஹுஸார் குதிரைப்படையில் அதிகாரியாகி, மறு ஆண்டு இந்தியா வந்தார். பம்பாயிற் படகிலிருந்து கரையேறுங்கால் துறைச்சுவரின் இரும்பு வளையத்தைப் பற்றினார். அலை படகைத் தாழ்த்த, வலத்தோள் மூட்டு நழுவியது. அக்குறை பின்னர் முற்றாக நீங்கவேயில்லை.

குதிரைமீதிருந்து நீண்ட கோலாற் பந்தடிக்கும் போலோ ஆட்டத்திற்கு வலக்கையே உயிர். அவரோ மேற்கையை உடலோடு வாரினாற் பிணித்துக்கொண்டு ஆடினார். 1898 இல் சூடானின் ஒம்துர்மான் போரில், தோட்குறையால் வாளை விடுத்துக் கைத்துப்பாக்கி ஏந்தினார். அதுவே தம் உயிரைக் காத்திருக்கலாம் எனப் பின்னாளில் எண்ணினார். 1899 இல் படைப்பிரிவுகளுக்கிடையிலான போலோப் போட்டி மீரட்டில் நடைபெற்றது. அதற்குச் சில நாள் முன், ஜோத்பூரிற் படிக்கட்டில் விழ, அத்தோளே மீண்டும் நழுவியது. ஆயினும் கையைக் கட்டிக்கொண்டு களம் புகுந்தார். அவர் அணி இறுதியாட்டத்தில் 4-3 என வென்றது.

யான் வியந்தது இதனையன்று. பெங்களூர்ப் பாசறையிற் காலையிற் படைப்பயிற்சி, மாலையிற் போலோ. இடைப்பட்ட வெயிற்பொழுதிற் பிறர் உறங்க, இவர் தாயார் அனுப்பிய கிப்பனின் உரோம வரலாற்றையும் மெக்காலேயின் நூல்களையும் நாள்தோறும் பல மணிநேரம் பயின்றார். ஆசிரியர் எவரும் பணித்தாரல்லர். அப்பயிற்சி அவர் எழுத்திற் படிந்தது. 1953 இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது.

இந்தியர் தன்னாட்சியை எதிர்த்த அவரது அரசியல் எனக்கு உடன்பாடன்று. எனினும், 1927 இல் மோல்டாத் தீவில் 52 ஆம் வயதில் இறுதியாகப் போலோ ஆடி, 1965 இல் மறைந்த அவரிடம் யான் ஒன்று கற்றேன். களத்தில் நோவைப் பொறுக்கும் உறுதியும் ஏட்டின்முன் அமரும் உறுதியும் வேறல்ல.

இனி ஒரு மாணாக்கன் பந்தோடு வகுப்பினுள் நுழையின், அதனை வெளியே எறியேன். என் மேசைமேல் வைத்திருந்து, மணியடித்ததும் அவன் கையிற் கொடுப்பேன்.