சத்தமில்லாத அலறல்!

ஒரு பெண்ணின் முகம் திரை முழுவதும் தெரிகிறது. பொன்னிறத் தலைமுடி. வாய் பிளந்திருக்கிறது. அவள் அலறுகிறாள். ஆனால், சத்தம் கேட்கவில்லை!

அது பேசாப் படம். 1926-ம் ஆண்டு லண்டனில் எடுக்கப்பட்டது. படத்தின் பெயர் "தி லாட்ஜர்." வாடகை அறைக்குக் குடிவந்தவன் என்று பொருள். அதை எடுத்தவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். அப்போது அவருக்கு வயது 26.

பிறகு அவர் மேலும் 50 ஆண்டுகள் படம் எடுத்தார். திகில் பட மன்னர் என்று உலகம் அவரை அழைத்தது.

சினிமாத் தொழில் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள். ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து வரச் சொல்வார்கள். மாணவர்கள் எதைத் தேடிப் போவார்கள்? இருட்டு, மூடுபனி, காலடி, பாதி மறைந்த முகம், ஓர் அலறல்! இவை எல்லாம் ஹிட்ச்காக்கின் அந்த ஒரு படத்திலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் படம் வெளியே வராமலே போய்விட இருந்தது!

காய்கறிக் கடை மகன்

ஹிட்ச்காக் 1899-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி பிறந்தார். ஊர், லண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோன். தந்தை வில்லியம் காய்கறிக் கடை வைத்திருந்தார். மூன்று பிள்ளைகளில் ஆல்பிரட் கடைசி.

பையன் குண்டாக இருப்பான். அதிகம் பேசமாட்டான். ஒரு மூலையில் உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

அவனுக்கு ஐந்து வயது இருக்கும். ஏதோ குறும்பு செய்துவிட்டான். தந்தை ஒரு சீட்டு எழுதி, போலீஸ் நிலையத்தில் கொடுத்து வரும்படி அனுப்பினார். போலீஸ்காரர் சீட்டைப் படித்தார். பையனை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டினார்! சில நிமிடங்கள்தான். பிறகு திறந்துவிட்டார். கெட்ட பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் கதையை ஹிட்ச்காக் ஆயுள் முழுவதும் சொல்லி வந்தார். தப்புச் செய்யாதவனைப் போலீஸ் துரத்துவது அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது.

1914-ல் தந்தை இறந்தார். ஆல்பிரடுக்கு 15 வயது. தந்திக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனார். மாலையில் சித்திரம் படித்தார். பிறகு அதே கம்பெனியின் விளம்பரப் பகுதிக்குப் படம் வரைந்தார்.

அட்டை எழுதியவர்

1920-ல் ஓர் அமெரிக்கப் படக் கம்பெனி லண்டன் இஸ்லிங்டனில் ஸ்டூடியோ திறந்தது. ஹிட்ச்காக் தாம் வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனார். வேலை கிடைத்தது.

என்ன வேலை? பேசாப் படத்தில் பாத்திரங்கள் பேசுவதை அட்டையில் எழுதி இடையிடையே காட்டுவார்கள் அல்லவா? அந்த அட்டைகளை எழுதி, ஓரத்தில் சித்திரம் போடும் வேலை.

அங்கேதான் ஆல்மா ரெவில் என்ற பெண்ணைப் பார்த்தார். படத்தை வெட்டி ஒட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஹிட்ச்காக்கைவிட ஒரு நாள்தான் இளையவர். ஆனால் வேலையில் மூத்தவர். அதனால், உதவி டைரக்டர் ஆகும் வரையில் ஹிட்ச்காக் அவரிடம் வாய் திறந்து பேசவே இல்லை!

1924-ல் ஹிட்ச்காக் ஜெர்மனிக்குப் போனார். அங்கே மூர்னோ என்ற பெரிய டைரக்டர் படம் எடுப்பதை நேரில் பார்த்தார். அட்டையே இல்லாமல், காட்சியாலேயே கதை சொல்ல முயன்றவர் மூர்னோ. அட்டை எழுதிப் பிழைத்தவருக்கு அது புதிய பாடம்.

மூன்றாவது படம்

1925-ல் ஹிட்ச்காக் டைரக்டர் ஆனார். இரண்டு படங்கள் எடுத்தார. இரண்டையும் விநியோகஸ்தர் வெளியிடவில்லை. மூன்றாவதுதான் "தி லாட்ஜர்."

1888-ல் லண்டனில் ஒரு கொலைகாரன் பெண்களைக் கொன்று திரிந்தான். அவன் பிடிபடவே இல்லை. அதை வைத்து ஓர் அம்மையார் எழுதிய நாவல் இது. படத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் பொன்னிற முடி உள்ள ஒரு பெண் கொல்லப்படுகிறாள்.

அந்த முதல் அலறலை எப்படி எடுத்தார் தெரியுமா? நடிகையின் தலையை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார். தலைமுடியை விரித்துப் பரப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து விளக்குப் போட்டார். முடி தீப்பிடித்ததுபோல மின்னியது. கொலைகாரனுக்கு என்ன பிடிக்கும் என்பது ஒரு வார்த்தை இல்லாமல் விளங்கிவிட்டது!

அடுத்து, பிணத்தைச் சுற்றிக் கூட்டம். நிருபர் டெலிபோனுக்கு ஓடுகிறார். அச்சு எந்திரம் சுழல்கிறது. பத்திரிகை வண்டிகள் பறக்கின்றன. ரேடியோவில் செய்தி. ஊர் முழுவதும் பீதி! கதாநாயகன் இன்னும் வரவே இல்லை. கால் மணி நேரம் கழித்து, ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் மூடுபனி. நடுவில் ஒரு மனிதன். கழுத்துத் துணியால் முகத்தைப் பாதி மூடி இருக்கிறான். கொட்டகையில் இருப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. வீட்டுக்கார அம்மாளோ அவனுக்கு மாடி அறையைக் காட்டுகிறாள்!

திகிலுக்கு ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொன்ன விளக்கமும் இதுதான். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது. அது திடீரென வெடித்தால், பார்ப்பவருக்கு ஒரு விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேஜையில் இருப்பவர்களை ஊர்வம்பு பேசவிட்டால், அத்தனை நேரமும் திகில்!

தெருவில் நடந்தார்கள்

படம் முடிந்தது. கம்பெனியாருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஹிட்ச்காக்கால் அங்கே உட்கார முடியவில்லை. ஆல்மாவும் அவரும் லண்டன் தெருக்களில் நடந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தார்கள். நல்ல செய்தி வரும் என்ற நம்பிக்கையுடன் ஒரு டாக்சி பிடித்துத் திரும்பினார்கள்.

செய்தி மோசம். படம் ஓடாது என்று விநியோகஸ்தர் உல்ப் தீர்ப்புச் சொல்லிவிட்டார். படம் பெட்டிக்குள் போயிற்று.

மூன்று படம் எடுத்து, மூன்றும் முடங்கிவிட்டன! திருமணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு இருந்த நேரம் அது. தொழில் போய்விட்டது என்றே அவர் எண்ணினார்.

படத் தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன் கைவிடவில்லை. ஐவர் மாண்டேகு என்ற 22 வயது இளைஞரை அழைத்துப் பார்க்கச் சொன்னார். மாண்டேகு என்ன செய்தார்? பெரும்பாலான அட்டைகளை எடுத்து எறியச் சொன்னார்! ஏராளமாக இருந்த அட்டைகள் சுமார் 80 ஆகக் குறைந்தன. சில காட்சிகளை ஹிட்ச்காக் மறுபடி எடுத்தார்.

அட்டை எழுதித் தொழிலுக்கு வந்தவரின் படம், அட்டையை எறிந்ததால் பிழைத்தது.

1926 செப்டம்பரில் பத்திரிகைக்காரர்களுக்குப் படத்தைக் காட்டினார்கள். ஒரே பாராட்டு! டிசம்பர் 2-ந் தேதி ஹிட்ச்காக்-ஆல்மா திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஊர் ஊராகப் படம் ஓடியது.

பட்டப்பகலில்!

1939-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய "ரெபெக்கா" சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. சிறந்த டைரக்டர் பரிசுக்கு ஐந்து தடவை அவர் பெயர் போயிற்று. ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

அவருடைய படங்களின் தொடக்கத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். 1951-ல் வந்த ரெயில் கதை ஒன்றில் முதலில் முகமே இல்லை. இரண்டு ஜோடிச் செருப்பு! ஒன்று பகட்டானது, மற்றது சாதாரணம். ரெயிலில் இரண்டும் மோதிக்கொள்ளும்போதுதான் ஆட்களைப் பார்க்கிறோம். 1954-ல் "ரியர் விண்டோ." காமிரா ஓர் அறையைச் சுற்றி வருகிறது. கட்டுப்போட்ட கால், உடைந்த காமிரா, மோட்டார் பந்தய போட்டோ. அவன் யார், கால் எப்படி உடைந்தது என்பது தெரிந்துவிடுகிறது. யாரும் ஒன்றும் பேசவில்லை!

1960-ல் "சைக்கோ." இதில் அவர் தம் வழக்கத்தையே கவிழ்த்தார். இருட்டு இல்லை, மூடுபனி இல்லை. வெயில் அடிக்கும் ஓர் ஊர். வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி 43 நிமிடம் என்று எழுத்து வருகிறது. கதாநாயகி 40 ஆயிரம் டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். இது பணத் திருட்டுக் கதை என்று நாம் நம்புகிறோம். பாதிப் படத்துக்கு முன்பே அவள் கொல்லப்படுகிறாள்! பிந்தி வருபவர் கதாநாயகி எங்கே என்று தேடுவார்கள் அல்லவா? அதனால் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டார்.

கம்பெனி இந்தக் கதையை விரும்பவில்லை. ஹிட்ச்காக் தம் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, படத்தில் பங்கு வாங்கிக்கொண்டார். சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்த படம் கோடிகளைக் குவித்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. 1963-ல் வந்த "தி பேர்ட்ஸ்" படத்துக்காக நடிகை டிப்பி ஹெட்ரன் மீது நாள் கணக்கில் உயிருள்ள பறவைகளை எறிந்தார்கள். அவர் ஓய்ந்து விழுந்தார். ஹிட்ச்காக் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகவும் அந்த நடிகை 2016-ல் எழுதினார். பதில் சொல்ல ஹிட்ச்காக் அப்போது உயிருடன் இல்லை.

1979-ல் அமெரிக்காவில் அவருக்குப் பெரிய விழா எடுத்தார்கள். நான்கு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் படம் தொகுத்தவர், ஒருவர் கதை எழுதியவர், ஒருவர் தம் மகளின் தாய், ஒருவர் சமையலில் வல்லவர் என்று அடுக்கினார். நால்வரும் ஆல்மாவே! 1980 ஏப்ரல் 29-ந் தேதி அவர் காலமானார். இரண்டு ஆண்டில் ஆல்மாவும் போய்விட்டார்.

அவருடைய இரண்டாவது படமான "மவுண்டன் ஈகிள்" தொலைந்துவிட்டது. ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. "தி லாட்ஜர்" தப்பியது. 2012-ல் அதைச் சுத்தம் செய்து லண்டனில் மறுபடி திரையிட்டார்கள். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த நிதின் சாஹ்னி அதற்குப் புதிதாக இசை அமைத்தார். லண்டன் சிம்பனி வாத்தியக் குழுவினர் திரைக்கு முன் இருந்து வாசிக்க, அந்தப் பெண் மறுபடியும் வாயைத் திறந்தாள்.